இலக்கணம் வேண்டாம் என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

பதின்பருவப் பிள்ளைகள் இணையத்தில் ஆங்கில இலக்கணமும் சொற்களும் பயிற்சி செய்வது வெட்டி வேலை என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. மொழி காதால் வருவது, இலக்கணம் அதைக் கெடுக்கும் என்கிறார் கட்டுரையாளர். ஆங்கிலப் படமும் பாட்டும் போதுமாம். திரையில் கோடிட்ட இடம் நிரப்பும் பிள்ளை கைப்பேசிக்கு அடிமையாவதைத் தவிர வேறு எதையும் கற்பதில்லையாம். திருத்தித் தரச் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் இனி இந்தப் பாடெல்லாம் தேவையே இல்லையாம்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறவள் நான். இவற்றில் கைப்பேசி பற்றியது மட்டும் பாதி சரி. மற்றவை தவறு, அதுவும் ஆபத்தான தவறு. கணினிகள் இருக்கும் ஹைடெக் லேபைப் பூட்டி வைக்கக் காரணம் தேடும் ஒரு பள்ளிக்கு இந்தக் கட்டுரை ஒன்றே போதும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் காது. தாய்மொழி போல ஆங்கிலமும் தானாக வரும் என்கிறவர், தாய்மொழி எப்படி வந்தது என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. பிறந்த நாள் முதல் விழித்திருக்கும் நேரமெல்லாம் குழந்தையின் காதில் அது விழுகிறது. குழந்தை ஒன்று சொன்னால் வீட்டில் நாலு பேர் பதில் சொல்கிறார்கள், தப்பாகச் சொன்னால் சரியாகத் திருப்பிச் சொல்கிறார்கள். என் மாணவிக்கு ஆங்கிலம் கேட்கக் கிடைப்பது ஒரு நாளில் ஒரு பீரியட். அதிலும் பாதி நேரம் நானே தமிழில்தான் விளக்குகிறேன், இல்லாவிட்டால் புரியாது. பள்ளி விட்டபின் அவளிடம் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேச அவள் ஊரில் ஆள் இல்லை. இவளைப் பார்த்து ‘கேட்டுக்கொண்டே இரு, வந்துவிடும்’ என்பது கல்வி யோசனை ஆகாது. கைகழுவுதல் அது.

கேட்பது மட்டும் போதுமா என்ற கேள்விக்குக் கனடாவில் எப்போதோ விடை கிடைத்துவிட்டது. 1965இல் மாண்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தத் தொடங்கினார்கள். வருடக் கணக்கில் பிரெஞ்சிலேயே கேட்டு, பிரெஞ்சிலேயே படித்த பிள்ளைகள். கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட இணையாக வந்தார்கள். ஆனால் வாய் திறந்தாலும் எழுதினாலும் வினைச்சொல்லிலும் பால் வேறுபாட்டிலும் பிழை தங்கியே இருந்தது. இத்தகைய வகுப்புகளில் படித்த பிள்ளைகளிடம் இதைக் கவனித்த ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985 முதல் எழுதிவந்தார்: கேட்பது மட்டும் போதாது, கற்பவர் தாமே சொல்லவும் எழுதவும் வேண்டும், அப்போதுதான் தமக்கு எது தெரியவில்லை என்பது அவருக்கே தெரியவரும். வருடம் முழுக்கப் பிரெஞ்சில் மூழ்கிய பிள்ளைகளுக்கே இந்த நிலை என்றால், ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆங்கிலப் படம் பார்க்கும் பிள்ளைக்கு எது தானாக வரும்?

அடுத்து பெங்களூரு திட்டம். கட்டுரையாளர் இதைத் தன் பக்கச் சாட்சியாக நிறுத்தியிருப்பதுதான் எனக்கு மிகவும் கோபம் தந்தது. என்.எஸ். பிரபு சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியபோது 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய முயற்சி அது. 1987இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். இலக்கண விதிகளை வரிசைப்படுத்தி நடத்தவில்லை என்பது உண்மை. பிள்ளைகளைச் சும்மா கேட்க வைக்கவும் இல்லை என்பதைக் கட்டுரையாளர் ஏன் விட்டுவிட்டார்? அந்த வகுப்பில் ரயில் கால அட்டவணையோ வரைபடமோ கொடுப்பார்கள். எந்த வண்டியைப் பிடித்தால் எப்போது போய்ச் சேரலாம் என்பது போன்ற ஒன்றை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து முதலில் அவிழ்ப்பார். பிறகு அதே மாதிரி இன்னொன்றை ஒவ்வொரு பிள்ளையும் தனியாகச் செய்ய வேண்டும். விடை சரியா தப்பா என்று ஆசிரியர் பார்த்துச் சொல்வார். மொழிப் பிழையைப் போகிற போக்கில் திருத்துவார். தனித்தனியே முயற்சி, தனித்தனியே பதில். இது பயிற்சி இல்லாமல் வேறென்ன? பிரபுவின் பெயரைச் சொல்லிப் பயிற்சியையே ஒழிக்கச் சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி.

தனித்தனியே பதில் என்றேனே, நான் கண்ணால் பார்க்கிற விஷயம் அதுதான். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை எழுதிய ஒரு வாக்கியம் என் பார்வைக்கு எப்போது வரும்? கட்டுரை நோட்டைத் திருத்தும் நாளில். நோட்டு திரும்பிப் போகும்போது அந்தப் பிள்ளைக்கு எதை நினைத்து அப்படி எழுதினோம் என்பதே மறந்திருக்கும். சிவப்பு மையை ஒரு தரம் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடும்.

வயதையும் யோசிக்க வேண்டும். பதினான்கு, பதினைந்து வயதில் வகுப்பின் முன் தப்பாக ஓர் ஆங்கில வாக்கியம் சொல்வது எவ்வளவு பெரிய அவமானம் என்பதைப் பெரியவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். பின் பெஞ்சில் ஒருவன் சிரித்தால் போதும், அந்தப் பெண் அந்த வருடம் முழுக்க வாய் திறக்க மாட்டாள். ஆறாம் வகுப்பில் கையைத் தூக்கித் தூக்கிப் பதில் சொன்னவர்கள் ஒன்பதாம் வகுப்பில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். திரையின் முன் சிரிக்க யாரும் இல்லை. தப்பான விடையைத் தட்டிய அந்த நொடியிலேயே அது தப்பு என்று தெரிகிறது, ஏன் தப்பு என்று தமிழில் இரண்டு வரி வருகிறது, இன்னொரு தரம் முயலலாம். வகுப்பில் ஒரு சொல் பேசாத பிள்ளைகள் இங்கே ஒரே பயிற்சியை மறுபடி மறுபடி போடுகிறார்கள், முழு மதிப்பெண் வரும்வரை. யாரும் அவர்களை விரட்டுவதில்லை.

நம் பிள்ளைகளின் பிழைகள் கண்டபடி விழுபவையும் அல்ல. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் யார் செய்தது என்று காட்டிவிடும். ஆங்கில நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஒரு சின்ன ‘எஸ்’ ஒட்டுவதால் அது கண்ணில் படாமல் நழுவி, ‘ஷி கோ’ என்று வருகிறது. ‘இரண்டு வருஷமாக’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் போய் ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ வருகிறது. ‘அவரிடம் கேட்டேன்’ என்ற பழக்கத்தில் ‘ஐ ஆஸ்க்டு டு ஹிம்’ வருகிறது. ‘ஏ’, ‘த’ இரண்டுக்கும் தமிழில் கட்டாயமான இணை இல்லை, அதனால் போகும் இடமெல்லாம் விடுபடுகின்றன. எந்த இடத்தில் எவன் வழுக்குவான் என்று இப்படி முன்கூட்டியே தெரியும்போது, அந்த இடங்களுக்கென்றே கேள்விகள் அமைக்க முடியும். ஒரு கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்விகள் போட்டு அனுப்பினால், வகுப்பில் பாதிப் பேர் எந்தக் கேள்வியில் விழுந்தார்கள் என்று இரவே எனக்குத் தெரிந்துவிடுகிறது. மறுநாள் காலைப் பாடம் அதைப் பார்த்து மாறுகிறது. படம் பார்க்கச் சொல்லி அனுப்பினால் எனக்கு என்ன தெரியும்?

பிள்ளைகள் பரீட்சையில் தேறிவிடுகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். தேறுகிறார்கள். மனப்பாடப் பாட்டு, ரோடு மேப் கேள்வி, கைடில் இருந்து உருப்போட்ட பத்திகள் எல்லாம் சேர்ந்தால் தேர்ச்சிக்கான முப்பத்தைந்து வந்துவிடும். சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்காமலே பத்தாம் வகுப்பைத் தாண்டிவிட முடியும். இரண்டு வருடம் கழித்துக் கல்லூரியில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் கொட்டும்போதுதான் இடி விழுகிறது. அன்று அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

சொற்பயிற்சியைக் கட்டுரையாளர் அகராதி மனப்பாடம் என்று ஒதுக்கிவிட்டார். வங்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்பு கற்பிப்பதில் பல வருடம் உழைத்த மைக்கேல் வெஸ்ட், 1953இல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். பொதுவான ஆங்கில எழுத்தில் பெரும்பகுதி இந்தச் சிறு தொகுதிக்குள் அடங்கிவிடுகிறது. என் பிள்ளைகளிடம் இல்லாதவை அரிய சொற்கள் அல்ல, இந்த அடிப்படைச் சொற்கள்தான். பாடப் புத்தகத்தின் அருஞ்சொற்பொருளை உருப்போட்ட பிள்ளைக்கு ‘ஈவன்’, ‘அன்லெஸ்’, ‘ராதர்’ வந்தால் வாக்கியத்தின் பொருளே கைநழுவிப் போகிறது.

அந்தச் சொற்களை நினைவில் நிறுத்தத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிடத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்பது பலன் தரும். 2006இல் உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னே நின்றார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அவர்களை முந்திவிட்டார்கள். நேற்று தவறவிட்ட சொல்லை மூன்று நாள் கழித்து, பிறகு பத்து நாள் கழித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் தவறவிட்டதையே தேடி எடுத்துக் கேட்க நாற்பது பேரை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியராலும் முடியாது. கணினிக்கு அது சிரமமே இல்லை.

கைப்பேசி விஷயத்தில் பாதி சரி என்றேன். நாலு விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தட்டினால் காசு கொட்டி, பட்டாசு வெடித்து, ஏன் தப்பு என்று ஒரு வரி கூடச் சொல்லாத செயலிகள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. ஆனால் மோசமான பயிற்சியைக் காட்டிப் பயிற்சியே வேண்டாம் என்று முடிக்கலாமா? மோசமான பாடப் புத்தகங்களும்தான் இருக்கின்றன. அப்பாவின் போன் அவர் வேலை முடிந்து வந்தபின் இரவு எட்டு மணிக்குத்தான் கைக்கு வரும், அதற்குள் அன்றைய டேட்டாவும் பாதி தீர்ந்திருக்கும். அதனால்தான் பத்தே கேள்வி, பத்தே நிமிடம், வீடியோ இல்லை என்று அமைக்கிறோம். போனே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி விட்டபின் அரைமணி நேரம் லேப் திறந்திருந்தால் போதும். அந்த அரைமணி நேரத்துக்காகக் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருந்தால் அவருக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

செயற்கை நுண்ணறிவு வாதம் நேர்மையற்றது. எழுதித் தந்தது சரியா, தான் சொல்ல நினைத்ததைத்தான் அது சொல்லியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டாமா? ‘மஸ்ட்’ என்பதற்கும் ‘மே’ என்பதற்கும் வேறுபாடு தெரியாதவன், தனக்காக எழுதப்பட்ட விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போடுவான். நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் கேள்வி கேட்கும்போது எந்த இயந்திரமும் பக்கத்தில் உட்காராது. அதே கருவியிடம் தன் வாக்கியத்தைக் கொடுத்து, ‘இதில் என்ன தப்பு, தமிழில் சொல்’ என்று ஒரு மாணவி கேட்கிறாள் என்றால், அது பயிற்சி. அவளை நான் இன்னும் கேட்கச் சொல்வேன்.

இலக்கணம் தேவையில்லை என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் அதை எங்கோ ஒரு காலத்தில் கற்றவர்கள்தான். வீட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோர், அல்லது மாதக் கட்டணம் வாங்கும் டியூஷன், அல்லது ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலை வரி வரியாக நடத்திய ஓர் ஆசிரியர், ஏதோ ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. இவை எதுவும் கிடைக்காத பிள்ளைக்குக் காசில்லாமல் கிடைக்கும் ஒரே திருத்தம் அந்தத் திரையில் வரும் இரண்டு வரிதான். அதை எடுத்துவிடச் சொல்கிறவர், பதிலுக்கு எங்கள் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கப் போகிறார் என்பதை அடுத்த இதழில் எழுதட்டும். ஆங்கிலப் படங்களின் பட்டியல் வேண்டாம். தினமும் மாலையில் ஒரு பிள்ளையின் வாக்கியத்தைப் பார்த்துத் திருத்த யார் வருவார்கள் என்று எழுதட்டும்.