இன்ஜினைத் தூக்கிப் போடச் சொல்லும் நல்லவர்களுக்கு...

நாக்பூர் மே மாத வெயிலைப் பற்றி இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில்தான் நம்ம அண்ணாச்சியின் பிக்கப் வண்டி வார்தா ரோட்டில் நின்றுவிட்டது. 2014 மாடல், 2523 சிசி டீசல். ரேடியேட்டர் ஹோஸ் ஒழுகியிருக்கிறது. டிரைவர் பையன் டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறான்.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். இட்லி மாவு, வாழையிலை, முருங்கைக்காய் எல்லாம் அந்த வண்டியில்தான் வீடு வீடாகப் போகிறது. "வண்டி நின்னா நான் நின்னேன் சார்" என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்தார். புகை வந்தது. "இன்ஜின் கதம்" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உடனே நல்லவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் புது வண்டி எடு, லோன் கிடைக்கும் என்கிறார். இன்னொருவர் பழைய இன்ஜின் 55,000க்கு வாங்கி மாட்டு, இரண்டு நாளில் வேலை முடிஞ்சிடும் என்கிறார்.

இருபது வருஷமாக லோன் கொடுக்கிற வேலை பார்க்கிறவன் நான். சொந்தச் சாப்பாட்டில் மண் அள்ளிப் போடுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, கணக்கைச் சொல்கிறேன். 8 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருஷம். மாதம் ஏறக்குறைய 17,000. வட்டி மட்டுமே 2 லட்சத்துக்கு மேல். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்ய எஸ்டிமேட் 80,000. பத்து நாள் வாடகை டெம்போவுக்கு 15,000. ஆக 95,000. ஆறு மாத ஈஎம்ஐகூட இல்லை. புது வண்டி மைலேஜ் கொடுக்கும், வாரண்டி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாவு வியாபாரத்தில் மாதம் 17,000 கூடுதலாக எங்கிருந்து வரும்?

சரி, 55,000 இன்ஜின்? அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, யார் வண்டியில் இருந்தது, எப்படிக் கழற்றப்பட்டது, ஒன்றும் தெரியாது. கியாரண்டி வாய்ச்சொல். திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்கிற புகாரில் மீரட் சோதிகஞ்ச் சந்தையையே 2021 டிசம்பரில் போலீஸ் மூடியது. பில் இல்லாத இன்ஜின் வாங்குகிறவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யைத் திருத்த வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஓட்டிவிட்டு விபத்து நடந்த பிறகு கிளெய்ம் கேட்டு அலைவது யார்?

அதற்காகப் பழசைக் கட்டிக்கொண்டு அழு என்று சொல்லவில்லை. அளந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணு என்கிறேன். வேறு பட்டறைக்கு வண்டியை இழுத்துப் போனோம். கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணச் சொன்னோம். நாலு சிலிண்டரில் இரண்டில் அழுத்தம் குறைவு. ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது ஏறியது. அப்படி ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கிலோ போரிலோ. ஏறாவிட்டால் வால்வு, ஹெட் பக்கம் சந்தேகப்பட வேண்டும். பிறகு ஹெட்டைக் கழற்றி வளைந்திருக்கிறதா, பிளாக்கில் விரிசல் உண்டா என்று பார்த்தார்கள். கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்தார்கள். பிளாக்கும் கிராங்கும் நன்றாகவே இருந்தன. இரண்டு பிஸ்டனில் கீறல், ஹெட்டில் லேசான வளைவு. போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் லெவல் பண்ணுவது, வால்வு வேலை, புது கேஸ்கெட். இவ்வளவுதான் தேவை. இதுதானா "கதம்"?

பிளாக் வெடித்திருந்தால், கிராங்க் கிரைண்டிங் அளவையும் தாண்டித் தேய்ந்திருந்தால், சேசிஸ் துருப்பிடித்து ஃபிட்னஸே கிடைக்காது என்றால், நானே முதல் ஆளாக "அண்ணாச்சி, தலை முழுகுங்க" என்று சொல்லியிருப்பேன்.

என் கோபம் மெக்கானிக் மேல்கூட இல்லை. நம்ம ஆட்கள் மேல்தான். ஊரில் என்றால் தெரிந்த பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆயிரம் கேள்வி கேட்போம். இங்கே எவனாவது வேகமாக இந்தியில் நாலு வார்த்தை பேசினால் போதும், "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டுப் பர்ஸைத் திறக்கிறோம். கேட்டால் மொழி தெரியாதவன் என்று நினைப்பார்களாம்! அந்த வெட்கத்தின் விலை சில சமயம் எட்டு லட்சம்.

அண்ணாச்சி வேலைக்குக் கொடுத்துவிட்டார். எஸ்டிமேட் எழுத்தில், பாகங்களுக்குப் பில், கழற்றிய பழைய பாகங்கள் கையில். இந்த மூன்றையும் நானே கூட இருந்து கேட்டேன், என் உடைந்த இந்தியில்தான். யாரும் சிரிக்கவில்லை.

பி.கு: முதல் வேலையாக ரேடியேட்டர் ஹோஸையும் மாற்றச் சொன்னேன். அதை விட்டுவிட்டால் அடுத்த மே மாதம் இதே கதையை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.