நிறுத்தத் தெரிந்த டீச்சர்

போடிக்கு மேலே இருக்கும் குரங்கணிச் சரிவுக்கு இயந்திரம் வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து கம்பியில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள். கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடி, பிறகு தூத்துக்குடி, அப்புறம் கப்பல். 1924 வெள்ளம் மலைமேல் ஓடிய அந்தச் சின்ன ரயிலை அடித்துக்கொண்டு போனது. ரோப்வேயும் காலத்தோடு போய்விட்டது. ரயிலே எட்டிப் பார்க்காத ஒரு மலைக் குடியிருப்புக்கு மட்டும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர் தங்கிவிட்டது.

அதெல்லாம் தேயிலைக்காக வந்த இயந்திரங்கள். கூலிக்காரர் பிள்ளைகள் படிப்பதற்காக இந்தச் சரிவில் ஏறிய முதல் இயந்திரம் எது என்று கேட்டால், ஒரு டீச்சரின் கைப்பையில் வந்த செல்போன் என்றுதான் நான் சொல்வேன். வெளியூர்க்காரர்களுக்குக் குரங்கணி என்றதும் 2018 மார்ச் காட்டுத்தீ நினைவுக்கு வரும். இல்லையென்றால் மலையேற்றம். இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, அதில் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது யாருக்கும் செய்தியாகத் தோன்றுவதில்லை.

அந்த டீச்சர் போடியில் எங்கள் தெருக்காரர். பள்ளியின் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். எழுதினால் மறுநாளே யாராவது விளக்கம் கேட்பார்கள். மலைச்சரிவில் ஒரு தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில் இவரிடம். விடியும் முன்னே ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிவிடும் தாய்மார்களின் பிள்ளைகளும், முதுவர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் அறை.

கொரோனாவில்தான் எல்லா ஆசிரியர்களையும்போல இவரும் தொழில்நுட்பத்துக்குள் தள்ளப்பட்டார். வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார், வீட்டுப்பாடம் அனுப்பினார். போன் அப்பாவின் சட்டைப் பையில் தோட்டத்துக்குப் போய்விடும். ராத்திரி அது வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் கூடிப் பார்த்தார்கள். ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாதே.

பள்ளி திறந்த பிறகு ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை போடியில் வீட்டில் உட்கார்ந்து வீடியோக்களைப் பதிவிறக்கி மலைக்கு எடுத்துப் போவார். மேலே சிக்னல் நினைத்தால் வரும், மழை வந்தால் போய்விடும். கடல், ரயில், துறைமுகம், திமிங்கலம் என்று ஒவ்வொன்றும் கால்மணி நேரம், இருபது நிமிஷம் ஓடும்.

"ஓடுறப்போ வாயத் தொறந்து பாக்குறாங்கண்ணே. நிறுத்திட்டு என்ன பாத்தீங்கன்னு கேட்டா, 'நல்லாருந்துச்சு டீச்சர்'ங்கிறாங்க. அவ்வளவுதான்" என்றார் ஒருமுறை.

இங்கேதான் அவர் படிப்பு தொடங்கியது. யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பயிற்சியில், பி.பி.டி. செய்வது எப்படி என்று பி.பி.டி. போட்டுக் காட்டினார்களாம். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் அவருக்கு நினைவில்லை. தானாகத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தது இது: வீடியோ இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடக் கூடாது. ஓடும், நிற்கும். "அடுத்து அலை என்ன செய்யும்?" பிள்ளைகள் கத்துவார்கள். ஒருத்தி எழுந்து கையால் செய்து காட்டுவாள். சிலேட்டில் வரைவார்கள். அதன் பிறகுதான் மறுபடி ஓடும். சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிடுவார், கதையைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். வகுப்பறைத் தொழில்நுட்பம் என்று எழுதப்படும் தடித்தடிப் புத்தகங்களைவிட இந்த நிறுத்தும் பொத்தான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். எப்போது நிறுத்துவது என்று வீடியோவுக்குத் தெரியாது. எதிரில் இருக்கும் முகங்களைப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

2024-இல் தமிழ்நாட்டு அரசு ஏறத்தாழ 80,000 தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி தரும் திட்டத்தைத் தொடங்கியது. 22,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை என்றும் அறிவித்தது. நல்ல செலவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டேப் இவர் கைக்கும் வந்தது. வந்ததும் அதில் முதலில் ஏறியது என்ன? வருகைப் பதிவு, எண்ணும் எழுத்தும் மதிப்பீடு, எமிஸ் எனும் கல்வித் துறைத் தகவல் பதிவு, இன்னும் என்னென்னவோ. சிக்னல் கிடைக்கும் மூலையைத் தேடி வராந்தாவில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் டீச்சரைப் பார்த்தால், வேண்டுதல் செய்கிறார் என்று நினைத்துக்கொள்வீர்கள். எமிஸ் வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் போராடியது சும்மா இல்லை. அலுவலகத்துக்குக் கணக்கு அனுப்புவது தேவையான வேலைதான். ஆனால் அதை வகுப்பறைத் தொழில்நுட்பம் என்று கணக்கில் எழுதக் கூடாது. பிள்ளைக்கு அதில் ஒரு பைசா பயன் இல்லை.

டேப்பில் இவருக்குப் பிடித்துப்போனது மைக். மூன்று வகுப்பு ஒரே அறையில் என்றால் ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற இரண்டும் சும்மா இருக்கும், அல்லது சண்டை போடும். ஒன்றாம் வகுப்புக்கான கதையைத் தன் குரலிலேயே, இடையிடையே "இப்போ புத்தகத்தில் யானையைத் தொடு", "அதன் பெயரை வாசி" என்று சொல்லிப் பதிவு செய்துவைத்தார். மூலையில் ஸ்பீக்கர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும், இவர் மூன்றாம் வகுப்போடு வகுத்தல் கணக்கில் உட்கார்ந்திருப்பார். கணக்கும் ஊர்க் கணக்குதான். ஐந்து கிலோ பச்சை ஏலக்காய் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தேறும் என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். அறுபது கிலோ பச்சைக் காய்க்கு எவ்வளவு? ஒரு பாட்டியிடம் ஸ்டோரில் காய் உலர்த்தும் விவரத்தைப் பேசச் சொல்லிப் பதிந்துவந்து அதையே கணக்காக்கினார். பாட்டி குரல் ஸ்பீக்கரில் வந்ததும் அவர் பேத்திக்குத் தலைகால் புரியவில்லையாம்.

முதுவர் குடியிலிருந்து வரும் பையன் ஒருவன் வகுப்பில் வாய் திறப்பதே இல்லை. அவர்கள் வீட்டுத் தமிழ் வேறு, பாடநூல் தமிழ் வேறு. ஒருநாள் டேப்பைக் கையில் கொடுத்து, "வராந்தாவுல போய் இதுகிட்டப் பேசுடா, நான் கேக்க மாட்டேன்" என்று அனுப்பினார். யானை வந்த ஒரு ராத்திரியை அவன் பேச்சிலேயே சொல்லி முடித்துவிட்டு வந்தான். அவனிடம் கேட்டுக்கொண்டு வகுப்பில் போட்டுக் காட்டினார். அடங்காத கூட்டம் அடங்கிவிட்டது, மறுபடி போடச் சொன்னது. அவன் சொன்னதை அவன் சொன்னபடியே கரும்பலகையில் எழுதினார், அதுதான் அன்றைய வாசிப்புப் பாடம். பக்கத்திலேயே புத்தகத் தமிழிலும் எழுதினார். அவன் அன்றைக்கு வாசித்தான்.

இதே வழியில் வெகுதூரம் போன ஒருவர் மகாராஷ்டிரத்தில் இருக்கிறார். ரஞ்சித்சிங் திசாலே. 2009-இல் சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி தொடக்கப் பள்ளிக்கு வேலைக்குப் போனபோது, கட்டடத்துக்கு ஒரு பக்கம் மாட்டுத்தொழுவம், மறுபக்கம் சேமிப்புக் கிடங்கு. பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடம். மனிதர் முதலில் கன்னடம் கற்றுக்கொண்டார். அதன் பிறகு ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலான பாடநூல்களைப் பிள்ளைகளின் மொழிக்கு மாற்றினார், பக்கங்களில் க்யூஆர் கோடு ஒட்டிப் பாட்டும் கதையும் வீடியோவும் சேர்த்தார். 2020 டிசம்பரில் உலக ஆசிரியர் விருதும் பத்து லட்சம் டாலரும் கிடைத்தன. அதில் பாதியை இறுதிச்சுற்றில் இருந்த மற்ற ஒன்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். பத்திரிகைகள் எல்லாம் க்யூஆர் கோடைப் பற்றி எழுதின. கன்னடம் கற்றுக்கொண்டதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். நம் பாடநூல்களிலும் 2018-இலிருந்து க்யூஆர் கோடு இருக்கிறது. கோடு அச்சாகிவிட்டால் பாடம் வந்துவிட்டது என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். சிக்னல் இல்லாத மலையில் அது புத்தகத்தில் ஒரு கறுப்புச் சதுரம்.

நம் மாநிலத்துக் கதைகளும் உண்டு. விழுப்புரம் மாவட்டம் கந்தாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை அன்னபூர்ணா மோகன் 2017-இல் தன் நகையை விற்று வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டும் இருக்கைகளும் வாங்கினார். அவர் பிள்ளைகள் ஆங்கிலம் பேசும் வீடியோக்களை ஊரே பார்த்தது. அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஆசிரியை நகையை விற்றதைக் கைதட்டி வரவேற்ற நாம், அந்த நகையைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

கருவி மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. ஆண்டிஸ் மலை கிராமங்கள் வரை லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2012-இல் வந்த ஆய்வு, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயர்ந்ததற்குத் தடயமே இல்லை என்றது.

இதற்கு நேர்மாறாக ஒரு தமிழ்ச் சோதனை உண்டு. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் அதைச் சொல்லித்தர வேண்டும். அதைச் செய்தவர் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இருந்த சுகதா மித்ரா. 1999-இல் டெல்லி கால்காஜியில் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்தாரே, அவர்தான். காளிகுப்பம் என்ற தமிழ்க் கடலோரச் சிற்றூரில், ஆங்கிலம் சரியாகத் தெரியாத பிள்ளைகள் முன் ஆங்கிலத்தில் மூலக்கூறு உயிரியல் பாடத்தைக் கணினியில் போட்டுவைத்துவிட்டுப் போய்விட்டார். ஆசிரியர் கிடையாது. சில மாதம் கழித்துத் தேர்வு வைத்தபோது நூற்றுக்கு 30 அளவில் வாங்கினார்கள். யாரும் சொல்லித் தராமல் முப்பது என்றால் மலைப்பாகத்தான் இருக்கிறது.

முப்பது போதாது என்று, பிள்ளைகளுக்குப் பழக்கமான உள்ளூர்ப் பெண் ஒருவரிடம் உதவி கேட்டார். அவர் கணக்கு வேலை பார்ப்பவர், உயிரியல் ஒரு வரி தெரியாது. பின்னால் நின்று, "அட, இது என்ன? எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எனக்கும் காட்டுங்க" என்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. மதிப்பெண் 50-ஐ ஒட்டி ஏறிவிட்டது. டெல்லியில் வசதியான தனியார் பள்ளியில், உயிரியல் ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளுக்குச் சமம். 2010-இல் ஆய்விதழில் வெளியானது. ஆசிரியர் போகாத இடத்தில் பிள்ளைகள் தாமே கற்பார்கள் என்பதற்கு மித்ரா இதைச் சொல்வார். எனக்கு அந்த இருபது மதிப்பெண்தான் கண்ணில் படுகிறது. கணினி அப்படியே இருந்தது, பாடமும் மாறவில்லை. கூடுதலாக வந்தது பின்னால் நின்ற ஒரு பெண் மட்டும்.

எங்கள் ஊர்ச் சந்தையும் இதையே சொல்கிறது. போடியில் ஏலக்காய் ஏலம் மின்னணுவாக மாறியபோது, வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்து எப்படிக் காய் வாங்குவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். மாறிவிட்டது. விலை திரையில் ஓடுகிறது, பொத்தானில் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரிக் காய் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, மோந்து பார்க்காமல் பொத்தானைத் தொடும் வியாபாரி கிடையாது. காய்க்கு நாம் செய்வதைப் பிள்ளைகளுக்கும் செய்தால் போதும்.

கல்வித் துறைக்குச் சொல்ல மூன்று காரியங்கள் உண்டு. மலைப் பள்ளிகளுக்குப் பாட வீடியோக்களை இணையத்தை நம்பி விடாமல் ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுங்கள், க்யூஆர் கோடில் இருப்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பயிற்சியை மண்டபத்திலிருந்து வகுப்பறைக்கு மாற்றுங்கள். இதைச் செய்துபார்த்த பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மாதம் ஒருநாள் வந்து கூட உட்கார்ந்தாலே போதும், பி.பி.டி. வேண்டாம். பாட நேரத்தில் டேப்பில் கணக்குக் கேட்காதீர்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டு அலமாரியில் பழைய போன் சும்மா கிடக்கும். சிம்மைக் கழற்றுங்கள், உங்கள் படங்களையும் எண்களையும் முழுக்க அழித்துவிடுங்கள், சார்ஜரோடு சேர்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி டீச்சரிடம் கொடுங்கள். திரையில் கீறல் இருந்தால் பரவாயில்லை. மைக் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுங்கள்.