விலக்கு ஒன்றே மருந்தாகுமா?

வன்னி மண்ணிலே உணவைப் பற்றிப் பேசுவோர் நாவில் கிரந்தி, வாய்வு, சூடு, குளிர்ச்சி என்னுஞ் சொற்கள் இடையறாது வழங்குகின்றன. நண்டு உண்டவனின் உடல் தடித்தால் அது கிரந்தி. பால் குடித்த பிள்ளையின் வயிறு பொருமினால் அது வாய்வு. சூரை மீன் தின்றவரின் முகஞ் சிவந்து தலை இடித்தால் அதுவும் கிரந்தியே. பெயர்கள் வேறாயினும் தீர்ப்பு ஒன்றுதான்: இனி அவ்வுணவு வீட்டுக்குள் வரலாகாது. நோயின் வேரை ஆராயாது உணவை மட்டும் நாடுகடத்தும் இவ்வழக்கம் பிழையானது மட்டுமன்று, கேடானதுமாகும் என்பதே எமது வாதம்.

முதலில் நண்டை நோக்குவோம். நந்திக்கடலிலும் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் பிடிபடும் நண்டு, இறால் ஆகியவற்றின் தசையிலே திரொப்போமயோசின் என்னும் புரதம் உண்டு. சிலரது உடலின் நிர்ப்பீடனத் தொகுதி இதனைப் பகையெனக் கருதிப் பிறபொருளெதிரிகளை ஏவுகின்றது. உண்மையான ஒவ்வாமை இதுவே. கொதிக்குங் குழம்பிலும் இப்புரதம் அழிவதில்லை. சிறு துண்டும் சிலரின் உயிருக்கு உலை வைக்கலாம். இத்தகையோருக்கு விலக்கே வழி. மூச்சுத் திணறினால் அதிரினலின் ஊசியே மருந்து. மருத்துவமனை தொலைவிலுள்ள ஊர்களில், கை மருந்து செய்து காலத்தைப் போக்குவது கொலைக்கு ஒப்பாகும்.

பாலின் கதை வேறு. பாலிலுள்ள இலக்ரோசு என்னும் வெல்லத்தைச் செரிக்கச் செய்யும் நொதியம், உலகின் வயது வந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடத்துக் குழந்தைப் பருவத்தின் பின் குறைந்துவிடுகின்றது. செரியாத வெல்லம் பெருங்குடலை அடைய, அங்குள்ள பக்டீரியாக்கள் அதனை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. இங்கே பகையுமில்லை, படையுமில்லை, அளவே நீதிபதி. ஒரு குவளைப் பால்மா பொறுக்காத வயிறு, மட்சட்டியில் உறைந்த எருமைத் தயிரைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். தயிராக்கும் பக்டீரியாக்கள் அவ்வெல்லத்தில் ஒரு பகுதியை முன்னரே உண்டுவிடுவதுடன், எஞ்சியதைக் குடலினுள் செரிக்கவும் துணைபுரிகின்றன. ஆனால், பாற்புரதத்துக்கே ஒவ்வாமை கொண்ட பிள்ளைக்குத் தயிரும் ஆபத்தே. வேறுபாட்டை அறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி மீன். சூரை, சாளை போன்றன பிடிபட்டபின் பனிக்கட்டியின்றி வெயிலிற் கிடந்தால், அவற்றின் தசையிலே பக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உருவாக்குகின்றன. சமைத்தாலும் அது அழியாது. உண்டவர்க்கு முகஞ் சிவக்கும், தோல் தடிக்கும். பார்ப்பதற்கு ஒவ்வாமைபோல் இருப்பினும் இது ஒருவகை நஞ்சூட்டலே. முல்லைத்தீவுக் கரையிலிருந்து உள்ளூர்களுக்கு வரும் மீன்பெட்டியிலே போதிய பனிக்கட்டி இல்லாமையாகிய குற்றத்தை உண்டவனின் உடம்பின்மீது சுமத்துவது என்ன நியாயம்?

"மூதாதையர் அனுபவம் பொய்க்குமா?" என்று வினவுவோர் உளர். அவர்தம் அவதானிப்பு பொய்யன்று; அதிலிருந்து நாம் பெறும் முடிவே பிழை. மறுபுறம், பத்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் நகைக்கும் கற்றோரும் உளர். நண்டு ஒவ்வாதவனை மனப்பிரமை கொண்டவன் எனத் தள்ளும் அவர்களும் உயிரோடு விளையாடுகின்றனர்.

விலக்கினால் ஒவ்வாமையைத் தடுக்கலாம் என்பதும் இன்று தகர்ந்துவிட்டது. இலண்டனில் நடத்தப்பட்டு 2015 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, கடுந்தோலழற்சியோ முட்டை ஒவ்வாமையோ கொண்ட 640 குழந்தைகளை ஆராய்ந்தது. கச்சான் உணவை முதலாண்டிலேயே உண்ணத் தொடங்கியோருள், ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை உற்றோர் ஏறத்தாழ 3 வீதத்தினர். விலக்கி வளர்க்கப்பட்டோருள் 17 வீதத்தினர். ஆபத்துள்ள குழந்தைக்கு மருத்துவர் ஆலோசனையோடு, முழுப் பருப்பாகவன்றிக் கூழாகவே அதனை ஊட்டுதல் வேண்டும். கச்சான் விளையும் மண்ணிலே இவ்வுண்மை அறியப்படாதிருத்தல் தகுமோ?

2009 இல் முடிந்த போரிலே மந்தைகளையும் வள்ளங்களையும் இழந்து மீண்டெழுந்த குடும்பங்கள் வாழும் நிலம் இது. இங்கே ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து மீனையும் முட்டையையும் பாலையும் காரணமின்றி அகற்றுதல் சிறு செயலன்று. அதன் வளர்ச்சியையே அகற்றுதலாகும்.

மருந்து பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் உணவின் அளவையும் செரிமானத்தையுமே பெரிதும் பேசினார். நோயை ஆய்ந்து அதன் காரணத்தைத் தேடுமாறும் பணித்தார். நாமோ தேடாமலே விலக்குகின்றோம். என்ன உண்டோம், எவ்வளவு உண்டோம், எத்தனை நிமிடத்தில் நோய் கண்டது, உடனுண்ட மற்றவர்க்கும் கண்டதா என்னும் நான்கு வினாக்களையும் குறித்துக்கொண்டு மருத்துவரை நாடுவோம். அதன்பின் விலக்க வேண்டியதை விலக்குவோம். ஏனையவற்றைப் பிள்ளைகளின் தட்டிலே மீண்டும் வைப்போம்.