கேமரா பார்க்கும்... தூக்கி விடுமா?

எங்க ஆச்சிக்கு 78 வயசு. பாளையங்கோட்டையில் தனியா இருக்காங்க. மாமா கலிபோர்னியாவில். போன வருஷம் வந்தப்போ வாசல்ல ஒண்ணு, ஹால்ல ஒண்ணு, அடுக்களையில ஒண்ணுன்னு மூணு கேமரா மாட்டிட்டுப் போனார். "இனிமே கவலையே இல்ல"ன்னார்.

யாருக்குக் கவலை இல்ல? அதான் என் கேள்வி.

ஆச்சி ஹால்லதான் சேலை மாத்துவாங்க. கேமரா மேல துண்டைப் போட்டா அஞ்சு நிமிஷத்துல போன் வரும். "ஏம்மா மூடி வச்சிருக்க?" பெத்த பிள்ளைக்கு என்னன்னு பதில் சொல்றது? கூச்சப்பட்டு குளியலறைக்குள்ளயே மாத்த ஆரம்பிச்சாங்க, ஈரத் தரையில. மூணு மாசம் முன்னாடி அங்கதான் வழுக்கி விழுந்தாங்க.

மூணு கேமராவும் நல்லாத்தான் வேலை செஞ்சுது. காலி ஹாலைத் தெளிவாக் காட்டுச்சு! சாயங்காலம் பால் ஊத்த வந்த அக்கா குரல் கொடுத்துப் பார்த்துட்டு, புறவாசல் வழியா வந்து தூக்கி, ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. மாமா ஊர்ல அப்போ தூங்குற நேரம். தூங்கினது தப்புன்னு நான் சொல்லல. கேமரா இருக்குன்னு நம்பித் தூங்கினதுதான் தப்பு.

நான் பி.காம். படிக்கிறவன். ஒவ்வொரு பற்றுக்கும் சமமா ஒரு வரவு இருக்கணும்னு முதல் வருஷமே சொல்லித் தந்துட்டாங்க. மாமாவோட கணக்குல கேமரா இருக்கு, இன்டர்நெட் பில் இருக்கு. அந்த அக்கா எந்தப் பக்கத்துல இருக்காங்க? சட்டமும் காசைத்தான் எண்ணுது. பெற்றோர் பராமரிப்புக்குன்னு 2007-ல வந்த மத்திய சட்டம், மாசம் 10,000 ரூபாய்னு உச்சவரம்பு வச்சுது. கைத்தாங்கலா ஒரு ஆள் வேணும்னா அதை எந்தத் தீர்ப்பாயத்துல போய் கேட்கிறது?

உடனே "விஞ்ஞானமே வேண்டாங்கிறியா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பாருங்க. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கக் கருவி உண்டு. ஆனா அதை எடுத்துக்கிட்டு ஒரு பெண் படியேறி வர்றாங்க, மாத்திரையைக் கையில கொடுக்குறாங்க, நாலு வார்த்தை பேசுறாங்க. கருவி ஒரு ஆளோட கையில இருக்கணும். ஆளுக்குப் பதிலா கருவியை மாட்டி வச்சா அது காவல். கவனிப்பு இல்ல.

மாமாகிட்ட நான் கேட்டது மூணே விஷயம். கேமராவை எங்கே வைக்கலாம்னு ஆச்சிகிட்டயே கேளுங்க. குளியலறைச் சுவத்துல ஒரு கைப்பிடி வைங்க, கேமராவை விட மலிவுதான். தெருவுலயே ஒருத்தருக்கு மாசச் சம்பளம் கொடுத்து, தினம் ரெண்டு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்க. மாமா ரெண்டு நாள் என்கூடப் பேசல.

எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? அடுத்த வருஷம் வேலை கிடைச்சா நானும் ஊரை விட்டுப் போறவன்தான். அந்தப் பயத்துலதான் இவ்வளவும் எழுதுறேன். நேத்து ஆச்சிகிட்ட, "எல்லாக் கேமராவையும் கழட்டிரவா?"ன்னு கேட்டேன்.

"ஹால்ல உள்ளதக் கழட்டுய்யா. வாசல்ல உள்ளது இருக்கட்டும். யாராவது வந்தா அவனும் பாக்கட்டும்."

யாராவது வரணுமே, மக்களே!