அடுக்களைப் பக்கம்: முதலில் பருப்பு, பிறகு ரசம்



வேலை கிடைத்துப் புதிதாக இவ்வூருக்கு வந்திருக்கும் இளைஞர்கள் இருவர், சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்ததும் நம்மைத் தனியே அழைத்தனர். "அண்ணா, இரு வேளையும் ஓட்டலில் சாப்பிட்டு வயிறும் கெட்டது, பணமும் கரைகிறது. அறையில் அடுப்பு இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டனர். அவர்களில் ஒருவர், இட்லியிலிருந்து தொடங்கலாமென்று மாவரைக்கும் இயந்திரத்திற்கு விலைகூட விசாரித்து வைத்திருந்தார். வேண்டாம் என்று தடுத்தோம். வடக்கத்திக் குளிரில் மாவைப் புளிக்க வைப்பது பழகிய கைக்கே சோதனை. சோறு, பருப்பு, ரசம் ஆகிய மூன்றும் கைவந்தால் போதும்; பிறகு எந்த ஊருக்கு மாற்றலானாலும் கவலையில்லை.

இதைச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் எதுவுமே தெரியாதிருந்ததுதான் நம் தகுதி.

மூன்றாண்டுகளுக்கு முன் நம் இல்லாள் இரண்டாம் பேற்றுக்காக மருத்துவமனையில் இருந்தார். வீட்டில் நாமும் ஆறு வயது மகளும் மட்டும். அன்று மாலை குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து கொடுத்தாயிற்று, ஏதேனும் உண்டால்தான் மருந்து தங்கும். அண்டை வீட்டு அம்மையார் அன்போடு கிச்சடி கொண்டுவந்தார். ஓட்டலிலிருந்து நாம் ரசம் வாங்கி வந்தோம். கிச்சடியைக் குழந்தை தொடவில்லை. ரசத்தின் காரம் தாங்காமல் அழுதது. "அம்மா வைக்கிற ரசம் வேணும்" என்று ஒரே பிடிவாதம். அம்மாவோ வருவதற்கில்லை. பத்தாண்டுகளாக நாள்தோறும் அந்த ரசத்தை உண்டு வந்த நமக்கு, அதில் என்னென்ன சேருகிறது என்று சொல்லத் தெரியவில்லை. அன்று பட்ட வெட்கம் இன்றும் மறக்கவில்லை.

துணிந்து அடுப்பை மூட்டினோம். துவரம்பருப்பையும் புளித்தண்ணீரையும் குக்கரில் ஒன்றாகவே கொட்டி ஆறு விசில் விட்டோம். திறந்து பார்த்தால் பருப்பு கூழாங்கல்லாகக் கிடந்தது. வேறு வழியின்றி மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருக்கும் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தோம். "புளியும் பருப்பும் சேர்ந்து வேகுமா தம்பி? பருப்பைத் தனியா வேக வை. உப்பைத் திட்டமாப் போடு. நுரை கட்டினதும் இறக்கிடு" என்றார். பார்சல் அலுவலகத்தில் கிலோவும் கிராமுமாகக் கணக்கெழுதிப் பழகிய நமக்கு, 'திட்டமா' என்பது எத்தனை கரண்டி என்று விளங்கவில்லை. தாயாருக்கோ அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. கரண்டி கரண்டியாகப் போட்டு, சுவைத்துச் சுவைத்து, இரவு பதினொரு மணிக்கு ஒருவாறு ரசம் ஆயிற்று. மகள் நான்கு வாய் உண்டாள். "அம்மா ரசம் மாதிரி இல்லப்பா" என்று சொல்லிவிட்டு உறங்கிப் போனாள்.

அன்று முதல் அளவுகளை ஒரு நோட்டில் எழுதலானோம். பின்வருபவை அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

வேண்டிய பொருள்கள் (4 பேருக்கு): துவரம்பருப்பு 100 கிராம், நெல்லிக்காயளவு புளி, அதாவது சுமார் 15 கிராம், தக்காளி 2, மிளகு, சீரகம் தலா 1 தேக்கரண்டி, பூண்டு 4 பல், மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, தாளிக்க நெய் 1 தேக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 1, பெருங்காயத்தூள் இரண்டு சிட்டிகை, கறிவேப்பிலை, மேலே தூவக் கொத்தமல்லித் தழை. தம்ளர் என்று நாம் சொல்வது 200 மில்லி கொண்டது.

கடையில் கேட்க வேண்டிய பெயர்கள்: துவரம்பருப்பு என்பது அர்ஹர் அல்லது தூர் தால், பாசிப்பருப்பு மூங் தால், புளி இம்லி, பெருங்காயம் ஹீங், கறிவேப்பிலை கடி பத்தா அல்லது மீட்டா நீம், மிளகு காலி மிர்ச். கடுகுக்கு 'ராய்' என்று கேளுங்கள். பெருங்காயத்தைப் பற்றி ஒரு செய்தி: அது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வரும் பிசின். இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அதைப் பயிரிட்டுப் பார்க்கத் தொடங்கியதே 2020ஆம் ஆண்டில்தான். நம் அடுக்களையில் நம்மைவிடத் தொலைவிலிருந்து வந்த சரக்கு அதுவே. கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வைத்திருப்போர், குளிரில் இலை உதிருமுன் பறித்து நிழலில் உலர்த்தி வைப்பது நலம்.

பருப்பு: பருப்பைக் கழுவி அரைமணி நேரம் ஊறவைக்கவும். மஞ்சள்தூளும் ஒன்றரைத் தம்ளர் நீரும் சேர்த்துக் குக்கரில் 5 விசில் விடவும். பருப்பு பொங்கி நுரைக்கும். ஆகையால் குக்கரில் பாதிக்குமேல் நிரப்பலாகாது. ஆவி தானே அடங்கிய பிறகே மூடியைத் திறக்கவேண்டும். பருப்பு வேகவில்லையென்றால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். பழைய பருப்பும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரும் வேகவிடா. வடிகட்டிய குடிநீரில் வேகவைத்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும். புளியின் புளிப்பும் பருப்பைக் கடினப்படுத்தும். நாம் அன்று செய்த பிழை அதுவே.

வெந்த பருப்பை மசித்து, முக்கால் பங்கை அரைத் தேக்கரண்டி உப்பும் நெய்யும் சேர்த்துச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சிய கால் பங்கை இரண்டு தம்ளர் நீரில் கரைத்தால் ரசத்துக்கான பருப்புத் தண்ணீர் ஆயிற்று. ஒரே வேக்காட்டில் இரண்டு பண்டம்.

ரசம்: புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, இரண்டு தம்ளர் அளவாக வடிகட்டவும். தக்காளியைப் பிசைந்து போட்டு, உப்புச் சேர்த்து, பச்சைப் புளி வாசனை போகும் வரை சுமார் 10 நிமிடம் கொதிக்கவிடவும். மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் ஒன்றிரண்டாக இடித்துச் சேர்க்கவும். பின்னர் பருப்புத் தண்ணீரை ஊற்றித் தீயைக் குறைக்கவும். இனித்தான் கவனம் வேண்டும். ஓரங்களில் நுரை கூடி மேலெழும்போது இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். நெய்யில் கடுகு வெடித்ததும் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி உடனே மூடவும். மல்லித்தழை தூவவும்.

சோறு: ஒரு தம்ளர் அரிசிக்கு இரண்டரைத் தம்ளர் நீர், 3 விசில். அரிசிக்கு அரிசி அளவு மாறும். முதல் நாள் குழைந்தால் மறுநாள் கால் தம்ளர் குறையுங்கள்.

புதிய பண்டத்தை நாளுக்கொன்றாகத் தேடாமல், இம்மூன்றையே பத்து நாள் செய்யுங்கள். பத்தாம் நாள் நோட்டைப் பார்க்காமலே கை உப்பை எடுக்கும். தாயார் சொன்ன 'திட்டம்' என்பது அதுதான் என்று நாம் அறிந்துகொள்ளப் பல மாதங்கள் ஆயின.

இல்லறத்தாருக்கும் ஒரு வார்த்தை. ஊரில் என்றால் ஆபத்துக்கு அத்தையோ சித்தியோ ஓடி வருவார்கள். இங்கே அப்படியில்லை. வீட்டில் சமைக்கத் தெரிந்தவர் ஒருவரே என்றால், அவர் படுத்த அன்று அடுப்பும் படுத்துவிடும். ஆண்கள் கற்பதில் இழிவு ஒன்றுமில்லை. கல்லாமலிருந்து குழந்தையைப் பட்டினி போடுவதே இழிவு. இல்லாள் பச்சைக் குழந்தையோடு வீடு திரும்பிய அன்று பூண்டு ரசம் வைத்தது நாமே. உண்டு முடித்து, "உப்பு ஒரு கல் கூடுதல்" என்றார். பிறகு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை ரசம் நம் பொறுப்பு. மகள் பக்கத்தில் நின்று, நுரை கூடுகிறதா என்று பார்த்துச் சொல்கிறாள்.

அவ்விரு இளைஞர்களும் அடுத்த கூட்டத்திற்கு வரும்போது பருப்பு வெந்ததா என்று கேட்போம். அடுத்த இதழில் சுரைக்காய்க் கூட்டு. அதற்குள் பாசிப்பருப்பு அரைக்கிலோ வாங்கி வையுங்கள்.