நர்ஸிங் சேரப் போறீங்களா? ஃபீஸ் கட்டும் முன் இதைக் கேளுங்க!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, 'ஆறே மாதத்தில் நர்ஸ்' என்று சுவரெங்கும் போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். அந்தச் சான்றிதழ் உதவியாளர் வேலைக்கு உதவலாம். ஆனால், அதைக் காட்டி நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. இது தெரியாமல் நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் பெற்றோரை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

குறைந்த காலத்தில் முடித்து, பதிவும் பெற வழி இருக்கிறது. அதுதான் ஏ.என்.எம். எனும் துணை செவிலியர் பயிற்சி. இரண்டு ஆண்டுகள், பெண்களுக்கு மட்டும். ப்ளஸ் டூ-வில் பயாலஜி படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஆர்ட்ஸ் குரூப் மாணவிகளும் சேரலாம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உடல் தகுதியும் அவசியம். கர்ப்பிணிகள் கவனிப்பு, பிரசவம், தடுப்பூசி என்று பாடம் முழுக்க கிராமத்து சுகாதாரம்தான். உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் இந்த வழியில் வந்தவர்தான்.

ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக வேண்டுமா? மூன்று ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோ இருக்கிறது. பையன்களும் படிக்கலாம். ப்ளஸ் டூ-வில் 40 சதவிகிதம் வேண்டும், ஆங்கிலத்தில் தனியாகவும் அதே அளவு.

எந்தப் பள்ளியானாலும், 'முடித்ததும் மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா, பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்?' என்று கேளுங்கள். இந்திய நர்ஸிங் கவுன்சில் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியலும் இருக்கிறது. போனிலேயே பார்த்துவிடலாம்.