அளவை நம்பும் முன்

பிள்ளைப்பாக்கம், ஒரகடம் சிப்காட் பகுதிகளில் ஷிப்டுக்குப் போகிறவர்களில் பலர் இருபது, முப்பது வயதுக்காரர்கள். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்.எஸ்.) பெரும்பாலும் தொடங்குவதும் அதே வயதில்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். கை மரத்துப்போகிறது, தலையைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடிக்கிறது என்று வரும் இளம் தொழிலாளியை 'கழுத்துத் தேய்மானம்' என்று எழுதி அனுப்பும் முன் தண்டுவடத்தை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தாக வேண்டும்.

வழக்கமான டி2 படம் புண் எங்கே என்று காட்டும். அங்கே எவ்வளவு நரம்பிழை மிஞ்சியிருக்கிறது என்று காட்டாது. ஒன்றுபோல வெளுத்துத் தெரியும் இரண்டு புண்களில், ஒன்றில் இழையின் உறையான மயலின் மட்டும் போயிருக்கலாம், மற்றதில் இழையான ஆக்ஸானும் அழிந்திருக்கலாம். படத்துக்கும் நோயாளியின் நடைக்கும் பொருந்தாமல் போக இது ஒரு காரணம். டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. உதவுவது இங்கேதான். நீர் மூலக்கூறுகள் இழையின் நீளவாக்கில் எளிதாக நகரும், குறுக்கே தடைபடும். இழை சிதைந்தால் குறுக்கு நகர்வு கூடும். நகர்வு ஒரே திசையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் ஃப்ராக்ஷனல் அனைசோட்ரபி குறையும். டி2 படத்தில் குறையில்லாமல் தெரியும் பகுதியிலும் இந்த மாற்றம் இருக்கலாம். 2012இல் வெளிவந்த நோடி (NODDI) முறை, ஆக்ஸானுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இருப்பதையும் பிரித்துக் கணிக்கிறது.

ஆனால் தண்டுவடத்தின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். சுற்றியுள்ள திரவம் ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் அசைகிறது. மூச்சும் விழுங்கலும் படத்தைக் கலைக்கின்றன. எலும்பும் காற்றும் அதை வளைக்கின்றன. குறுகிய பார்வைப் பரப்பு, துடிப்போடு இசைந்த பதிவு, அசைவுத் திருத்தம் ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு எடுத்த எண், நோயைவிட இயந்திரத்தையே அதிகம் பேசும். 3 டெஸ்லா கருவிகளில் தண்டுவடத்தை அளப்பதற்கான பன்னாட்டுப் பொது நெறிமுறை 2021இல் வெளியாகிவிட்டது. அலசும் மென்பொருளும் இலவசம்.

கேஜை கலிபரேட் செய்யாமல் ஒரு பாகத்தையும் பாஸ் செய்யாத தொழிற்சாலைகள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அந்த ஒழுங்கு நம் ஸ்கேன் அறைக்கும் வேண்டும். ஒரே நோயாளியை ஒரே கருவியில், ஒரே நெறிமுறையில் தொடர வேண்டும். அதே வயதுள்ள உள்ளூர் ஆரோக்கியர்களின் அளவுகளை முதலில் சேர்க்க வேண்டும். அவர்களில் சிலரை மறுபடி ஸ்கேன் செய்து எண் எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நோயறிதலுக்கான மெக்டொனால்ட் வரையறைகளில் டிஃப்யூஷன் எண்களுக்கு இன்னும் இடமில்லை. புண் மூன்று முள்ளெலும்பு நீளமோ அதற்கு மேலோ இருந்தால் அக்வாபோரின்-4, மாக் (MOG) எதிர்ப்பொருள் சோதனைகளே முதலில். அது நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவாக (என்.எம்.ஓ.) இருக்கலாம்; என்.எம்.ஓ. நோயாளிக்குத் தவறிக் கொடுக்கும் சில எம்.எஸ். மருந்துகள் அவர் நிலையை மோசமாக்கும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்த உரிமை நோயைச் சரியாகக் கண்டறிவதில்தான் தொடங்குகிறது. இந்த சிப்காட் பகுதிகளின் ஸ்கேன் மையங்கள் கழுத்துத் தண்டுவடத்துக்கு ஒரே நெறிமுறையை இந்த ஆண்டே ஒப்புக்கொள்ளட்டும்.